தானே தூய்மையாகும் சுவர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆலைக் கழிவிலிருந்து செய்த கல்லே சுவரைத் தானாகத் தூய்மைப்படுத்துகிறது என்பது, புணேயின் மேற்கே அடுக்குமாடிகள் நெருங்கி எழும் பாணேர் போன்ற பகுதிகளில் வீடு வாங்குவோர் எளிதில் கொள்ளக்கூடிய முதல் மயக்கம். உண்மையில் இங்கு நிகழ்பவை இரு வேறு வினைகள். அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் புகையோடு எழும் நுண்துகளான எரிசாம்பல், ஈரத்தில் சுண்ணாம்போடு கூடி இறுகுவதால் கல்லின் உடலாகிறது. அச்சாம்பல் முழுவதையும் பயன்படுத்த வேண்டுமென மின் நிலையங்களைப் பணித்து 2021 டிசம்பர் 31 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கை வரவேற்கத்தக்கதே. ஆயினும் சாம்பலுக்கு அழுக்கை நீக்கும் ஆற்றல் இல்லை.

அழுக்கை நீக்குவது, மேற்பரப்பில் பூசப்படும் அல்லது சிமெண்டில் கலக்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறச் சேர்மம். அதன் அனட்டேசு எனப்படும் படிக வடிவத்தின் மீது ஏறத்தாழ 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய புறஊதாக் கதிர் படும்போது மின்னணுக்கள் கிளர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தையும் ஆக்சிஜனையும் வினைவேகம் மிக்க துகள்களாக மாற்ற, அவை எண்ணெய்ப் பசை, பாசி போன்ற கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன. ஒளிவினையூக்கம் எனப்படும் இதற்கு, ஜப்பானியரான அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் 1972இல் வெளியிட்ட ஆய்வு வழிவகுத்தது. ரோம் நகரில் 2003இல் திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்சுவர்கள் இவ்வகைச் சிமெண்டால் ஆனவை.

இத்தகைய சுவரைக் கழுவவே வேண்டாம் என்பதும் தவறு. கட்டுமானத் தூசியும் மண்துகளும் கனிமங்களாதலால் அவை ஒளியால் சிதைவதில்லை. ஒளிபட்ட பரப்பில் நீர் துளியாகத் திரளாமல் படலமாகப் பரவி அவற்றை அடித்துச் செல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையே பெரும்பாலும் மழை காணும் புணேயில், எஞ்சிய மாதங்களில் அந்த நீரை மனிதரே ஊற்றியாக வேண்டும். வெயில் படாத உட்சுவரிலோ பயன் மிகக் குறைவு.

டைட்டானியம் உள்ள கழிவு எதுவும் இவ்வேலையைச் செய்துவிடும் என்ற எண்ணமும் நிலவுகிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரித்தபின் மிஞ்சும் செஞ்சேற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு உண்டு. ஆனால் உடனிருக்கும் இரும்பு ஆக்சைடு ஒளியை விழுங்கிவிடுவதால், பிரித்துத் தூய்மைப்படுத்தாமல் அது பயன்தராது. டைட்டானியம் டை ஆக்சைடை ஆக்குவதிலும் கழிவு பிறக்கிறது என்பதே மிகவும் கவலைக்குரியது. திருவனந்தபுரத்தில் 1946இல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை கையாளும் கந்தக அமில முறையில், இல்மனைட் கனிமத்தைக் கரைத்தபின் அமிலக் கழிவுநீரும் இரும்பு சல்பேட்டும் மிஞ்சுகின்றன. சுவரின் தூய்மையைப் போற்றுவோர் இக்கழிவையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை.

1950இல் தொடங்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் அண்டையிலுள்ள பாஷாணிலேயே இருக்க, பாணேர்வாசிகள் விளம்பரச் சொல்லை மட்டும் நம்பி வாங்குவது பொருந்தாது. கல்லில் சேர்ந்த கழிவு எது, எவ்வளவு என்பதையும், மேற்பரப்பின் தூய்மைத்திறனை அளக்கும் ஐஎஸ்ஓ 27448 சோதனையின் முடிவையும் விற்பவரிடம் தனித்தனியே எழுத்தில் கேட்டுப் பெறுக.