வைரஸ் ஸ்கேன் பாதியில் நிற்கிறதா? முழுமையான வழிகாட்டி

வைரஸ் ஸ்கேன் முடியாமல் நின்றால் எல்லோரும் வைரஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள வீட்டுக் கணினியில் கோளாறு டிஸ்க்கிலேயே இருக்கலாம். எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பெரிய ஜிப் கோப்பு என்றால் ஸ்கேன் சற்றுத் தாமதிப்பது இயல்பு. சிறிய கோப்பு ஒன்றிலேயே ஒவ்வொரு முறையும் உறைந்துபோனால், டிஸ்க்கில் அந்த இடத்தை வாசிக்க முடியவில்லையோ என்று யோசிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் படி: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

பலரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். அதுதான் என் கவலை. ஸ்கேனும் பழுதுநீக்கலும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைப்பவை. நலிந்த டிஸ்க் அந்த ஓட்டத்திலேயே நின்றுபோகலாம். குழந்தைகளின் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, அதைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். மென்பொருள் கோப்புகள் வேண்டாம். வைரஸும் கூடவே வந்துவிடக்கூடும்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே கணினியை அணைத்து, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். மேற்கொண்டு எதையும் முயல வேண்டாம்.

இரண்டாம் படி: எளிய காரணங்கள்

தேதியும் நேரமும் தவறாக இருந்தால் ஆன்டிவைரஸ் அப்டேட் இறங்காமல் போகலாம். சி டிரைவில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆஃப்லைன் ஸ்கேன்

'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' சென்று, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகும். சுமார் 15 நிமிடம் பிடிக்கும். விண்டோஸ் முழுதாக இயங்குவதற்கு முன்பே இந்தச் சோதனை நடப்பதால், ஸ்கேனைத் தடுக்கும் வைரஸ்கூடச் சிக்க வாய்ப்புண்டு.

நான்காம் படி: டிஸ்க் சோதனை

சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்' என்று செல்லுங்கள். பிழை இருந்தால் விண்டோஸே சரிசெய்ய முயலும், ரீஸ்டார்ட்டும் கேட்கலாம். நடுவில் அணைக்காதீர்கள். யூபிஎஸ் இல்லையென்றால், மின்தடை அறிவித்த நாளில் இதைத் தொடங்க வேண்டாம். இது கோப்பமைப்பில் உள்ள பிழையைத்தான் திருத்தும். தேய்ந்த டிஸ்க் தேய்ந்ததுதான்.

டீஃப்ராக் தேவையா?

சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் இந்த வேலை ஹார்டு டிஸ்க்குக்கு உதவும், எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. எதற்கு என்ன பராமரிப்பு என்பதை விண்டோஸே அறிந்து, வாராவாரம் செய்கிறது. இதற்கென 'கிளீனர்' மென்பொருள் வாங்குவது வீண் செலவு என்பேன்.

டிஸ்க்கை எப்போது மாற்றுவது?

சரிசெய்த சில நாட்களிலேயே பிழை திரும்பினால் தாமதிக்காமல் மாற்றுங்கள். புதிய டிஸ்க் போடும்போது, உங்கள் கணினியில் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய கோப்புகளைத் திருப்பி ஏற்றும்முன் வெளி டிஸ்க்கை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள்.