முழங்கால் தேய்மானமும் மாற்று மருத்துவமும்: வணிகர்கள் அறிய வேண்டியவை

விடியற்காலையில் கடை திறந்து இரவு பத்து மணிக்குக் கணக்கு முடிக்கும் நம் தொழிலில், நாற்பது வயதைத் தாண்டியவர்களிடையே முழங்கால் வலி சர்வ சாதாரணம். அடிக்கடி குந்தி எழுவதும், மண்டியிடுவதும், பாரம் தூக்குவதும் முழங்கால் தேய்மானத்திற்குக் காரணங்கள் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இம்மூன்றும் மளிகைக் கடையில் அன்றாட வேலைகள்.

வலி வந்ததும் மாத்திரை, தைலம், லேகியம், ஊசி என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இவற்றுள் எது பலன் தரும், எது காசைக் கரைக்கும், எது உடம்பைக் கெடுக்கும் என்று பிரித்துப் பார்ப்பது நமக்கு இரட்டிப்பு அவசியம். ஒன்று, வலி நம்முடையது. மற்றொன்று, "முட்டிவலிக்கு எது அண்ணாச்சி நல்லது?" என்று வாடிக்கையாளர் கேட்பதும் நம்மிடம்தான்.

குருத்தெலும்பின் இயல்பு

மூட்டில் எலும்பின் முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறைதான் குருத்தெலும்பு. இதற்கு இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நாம் நடக்கும்போது இது அழுந்தி விரிகிறது. அப்போது மூட்டுத் திரவத்திலிருந்து சத்தைப் பெறுகிறது. இரத்த ஓட்டம் இல்லாததால் சேதம் எளிதில் ஆறாது. நரம்பு இல்லாததால் தொடக்கத்தில் தேய்மானம் தெரியவும் தெரியாது. நாம் உணரும் வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் வருவது.

ஆகவே வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ தைலமோ லேகியமோ இன்றுவரை இல்லை. அப்படிச் சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

குளுக்கோசமைன் மாத்திரைகள்

குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் ஆகிய இரண்டும் உலகெங்கும் விற்பனையாகின்றன. அமெரிக்காவில் 1,583 பேருக்கு 24 வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 60 பேருக்கு வலி குறைந்திருந்தது! இரண்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 67 பேருக்குக் குறைந்தது. இந்த வித்தியாசம் உறுதியாக ஏற்கத்தக்க அளவில் இல்லை. வலி அதிகமிருந்த ஒரு சிறு பிரிவினரிடம் மட்டும் கூடுதல் பலன் தெரிந்தது. பிறகு 3,803 பேரைக் கொண்ட பத்து ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது (2010), வலியிலோ மூட்டு இடைவெளியிலோ குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. "பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்டது" என்பது சாட்சி ஆகாது. வெற்று மாத்திரையே பாதிப் பேருக்கு மேல் "கேட்கிறது". மேலும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினரும் ஒவ்வாமை உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

நம் கடைச் சரக்குகள்

மஞ்சள்: தாய்லாந்தில் 367 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு, நான்கு வாரங்களில் ஐபுப்ரோஃபென் மாத்திரைக்கு ஏறத்தாழ ஈடாக வலியைக் குறைத்தது, வயிற்று உபாதையும் குறைவு. ஆனால் அது செறிவூட்டிய சாறு. நாம் விற்கும் மஞ்சள்தூளில் குர்குமின் என்னும் சத்து 100க்கு 3 பங்கு அளவே இருக்கும். குழம்பில் போடும் மஞ்சளை மருந்து என்று சொல்லி விற்பது சரியல்ல. செறிவூட்டிய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதும் பதிவாகியுள்ளது.

மிளகாய்: காரத்தைத் தரும் கேப்சைசின் சேர்ந்த களிம்பைத் தொடர்ந்து தடவினால் வலி உணர்வு மட்டுப்படுகிறது. களிம்பில் இருப்பது 0.025 சதவீதம் போன்ற மிகச் சிறிய அளவு. மிளகாய்த் தூளைக் குழைத்துப் பூசினால் தோல் வெந்துவிடும்.

சாம்பிராணி: ஆயுர்வேதத்தில் சல்லகி எனப்படும் மரத்தின் பிசினை நாக்பூரில் 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் (2003) வலியும் வீக்கமும் குறைந்தன. ஆய்வு சிறியது. நாம் தூபத்துக்கு விற்கும் சாம்பிராணியை யாரும் உண்ணக் கூடாது.

மூலிகைப் பொடியும் ஊசியும்

நம் நாட்டு மருத்துவத்தையும் முறைப்படி சோதித்திருக்கிறார்கள். 440 பேரிடம் 24 வாரங்கள் நடந்த இந்திய ஆய்வில் (2013), ஆயுர்வேதக் கூட்டு மருந்து வலியைக் குறைப்பதில் குளுக்கோசமைனுக்கும் செலிகாக்சிப் மாத்திரைக்கும் ஈடாக நின்றது. ஆயினும் சிலருக்குக் கல்லீரல் பரிசோதனை அளவு ஏறி, மருந்தை நிறுத்தியதும் இறங்கியது. மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்பது தவறு என்பதற்கு இதுவே சான்று.

இதைவிடப் பெரிய ஆபத்து கலப்படம். 'ஆர்ட்ரி கிங்' என்ற பெயரில் விற்கப்பட்ட மூட்டுவலிச் சரக்கில், உறையில் குறிப்பிடாத டைக்ளோஃபெனாக், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகியவை இருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. இரண்டே நாளில் வலியைப் பறக்கடிக்கும் பெயரில்லாப் பொடி எதுவானாலும் இந்தச் சந்தேகம் எழ வேண்டும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும்.

நம் இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைச் செறிவாக்கிப் போடும் பி.ஆர்.பி. ஊசிக்குச் செலவு அதிகம். ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வில் (2021), ஓராண்டு முடிவில் அது உப்புநீர் ஊசியைவிட வலியையும் குறைக்கவில்லை, குருத்தெலும்பையும் காக்கவில்லை.

செலவில்லாத வைத்தியம்

உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஆறு கிலோ குறைத்தவர், ஏறத்தாழ ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை முழங்காலிலிருந்து இறக்கி வைக்கிறார் எனலாம். பருமனானவர்கள் 454 பேரை 18 மாதங்கள் கவனித்த ஆய்வில் (2013), உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோதே அதிகப் பலன் கிட்டியது.

கல்லாவில் அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். இப்படிக் காலுக்குப் பத்து முறை செய்தால் தொடைத் தசை வலுப்பட்டு மூட்டைத் தாங்கும். அடிக்கடி விற்கும் கனமான சரக்கை இடுப்பு உயரத்தில் அடுக்குங்கள். மூட்டையை இருவராகத் தூக்குங்கள்.

கடையில் நம் கடமை

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாத மூட்டுவலி மருந்தை, லாபம் எவ்வளவு கிடைத்தாலும் இருப்பு வைக்கக் கூடாது. வாத நோயைக் குணப்படுத்துவதாகச் செய்யும் விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மந்திர சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அந்த விளம்பர அட்டை நம் கடையில் தொங்கினால் பொறுப்பு நமக்கும் உண்டு.

மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் மடங்காமல் பூட்டிக்கொண்டாலோ கைவைத்தியத்தை விட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கும் இதையே சொல்வோம். ஒரு புட்டி விற்காமல் போனால் நட்டம் சில நூறு ரூபாய்தான். நம்பி வந்தவரின் சிறுநீரகம் கெட்டால் அந்தக் கடனை எந்தப் பேரேட்டிலும் தீர்க்க முடியாது.