நுளம்புக் கட்டுப்பாடு: நஞ்சு மருந்தும் உயிர்முறையும்



மாரி மழை தொடங்கி வட்டையெங்கும் நீர் நிறைந்து நிற்கும் காலத்தில் நுளம்பும் பெருகுகின்றது என்பதை எவரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடியில் இரவு காவலிருப்போர் அதனை நன்கு அறிவர். விதைத்த ஆறாம் ஏழாம் வாரத்தில் வீட்டுத் தலைவர் டெங்குக் காய்ச்சலிற் படுத்தால், அவர் எழுந்து வரம்பில் நடப்பதற்கு இரண்டு வாரமேனும் செல்லும். அதற்குள் களை பயிரை மூடிவிடும். பசளையிடும் பருவமும் தவறிவிடும். ஆதலால் நுளம்பை அடக்குதல் சுகாதாரப் பகுதியாரின் வேலை மாத்திரம் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. அது வயல் வேலையிலும் ஒன்று.

படுவான்கரையில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் யான் கண்டதை முதலிற் கூறுகின்றேன். கத்தரிக்கு மருந்து விசிறிய தோட்டக்காரர் ஒருவர், விசிறியில் எஞ்சியிருந்ததை வீணாக்க மனமின்றி, நுளம்புக் குடம்பி நெளிந்துகொண்டிருந்த பூவலில் ஊற்றினார். மறுநாட் காலையில் ஒரு குடம்பியுமில்லை. அவருக்குப் பெருமகிழ்ச்சி. பத்தாம் நாள் சென்று பார்த்தபோது முன்னிலும் இருமடங்கு குடம்பிகள் இருந்தன. இதற்குக் காரணம் யாது? பூவலில் நுளம்பு மாத்திரம் வாழவில்லை. சிறு மீன்களும், தும்பியின் குடம்பிகளும், நீர்வண்டுகளும் அங்கே இருந்து ஒவ்வொரு நாளும் நுளம்புக் குடம்பிகளைத் தின்றுகொண்டிருந்தன. நஞ்சு எல்லாவற்றையும் கொன்றது. நுளம்போ எங்கிருந்தோ பறந்து வந்து முட்டையிட்டு, நம் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் அடுத்த தலைமுறையை எழுப்பிவிடும். மீனும் தும்பியும் திரும்பிவர மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்தில் பூவல் நுளம்புக்கே சொந்தம். அந்த நீரையே அவர் கீரைக்கும் இறைத்தார் என்பது வேறு கதை.

நுளம்பு எல்லாம் ஒரே இனமன்று. இதனை அறியாது செய்யும் முயற்சியிற் பாதி வீணாகும். டெங்கைப் பரப்பும் ஏடிசு நுளம்பு பகலிற் கடிப்பது. வீட்டைச் சுற்றியுள்ள சிரட்டை, பழைய ரயர், மூடாத பரல், வெற்று மருந்துப் போத்தல் ஆகியவற்றில் தேங்கும் நீரில் அது பெருகும். யப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்சு இனம் நெல்வயல் நீரிற் பிறந்து, மாலையிலும் இரவிலும் கடிக்கும். அந்நோயின் கிருமி பன்றியிலும் நீர்ப்பறவைகளிலும் பெருகுவது. 1985, 1986 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரப் பகுதியில் அது கொள்ளைநோயாக எழுந்தபோது, வயற்புறங்களிற் பன்றி வளர்த்ததும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மலேரியாவைப் பரப்பிய அனோபிலிசு கியூலிசிபேசிசு என்பதோ, வயலை விட வரட்சியில் ஆற்றுப் படுகைகளில் எஞ்சும் தெளிந்த நீர்க்குட்டங்களையே பெரிதும் விரும்புவது. ஆறு ஓட்டமற்றுக் குட்டங்குட்டமாக நிற்கும்போது அது பெருகியதனாலேதான், மழை பொய்த்த 1934ஆம் ஆண்டின் முடிவிலிருந்து 1935 வரை இலங்கையில் மலேரியா எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது.

அக்காலத்தில் நீர்மேல் எண்ணெய் ஊற்றுவதும், பாரிஸ் பச்சை என்னும் நஞ்சுத் தூளைத் தூவுவதுமே வழிகளாயிருந்தன. 1945, 1946 ஆம் ஆண்டுகளில் டி.டி.ரி. வந்தது. இதன் சூழ்ச்சி நீரைத் தேடிப் போவதன்று. இரத்தம் குடித்த நுளம்பு வயிறு கனத்துச் சுவரிற் போய் இருக்கும். சுவரில் மருந்து காய்ந்து மாதக்கணக்கில் நிற்கும். அதில் இருந்த நுளம்பு நோயை அடுத்தவருக்குக் கொண்டுசெல்லுமுன் இறக்கும். பயன் வியக்கத்தக்கது. 1946ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கானோரைப் பீடித்த மலேரியா 1963ஆம் ஆண்டில் பதினேழு பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் மக்கள் குடியேறிப் பயிர் செய்ய முடிந்ததற்கும் இம்மருந்து ஒரு பெருந்துணை. எனவே இரசாயன மருந்தை இகழ்ந்து பேசுவோர், நம் பாட்டன்மார் குளிர்காய்ச்சலால் நடுங்கிய நாட்களை மறந்து பேசுகின்றனர் என்றே யான் கருதுகின்றேன்.

ஆயினும் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். நோய் போய்விட்டது என்று சுவர் மருந்தை நிறுத்தினர், கண்காணிப்பும் தளர்ந்தது. 1967இன் பின் நோய் மீண்டது. 1969ஆம் ஆண்டில் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். அப்பொழுது மீண்டும் டி.டி.ரி. விசிறியபோது முன்போல அது பலிக்கவில்லை. நுளம்பு அதனைத் தாங்கும் வலிமையைப் பெற்றிருந்தது. 1970களின் நடுவில் மலத்தியோனுக்கு மாறினர். பின்னர் அதற்கும் எதிர்ப்பு வந்தது.

இந்த எதிர்ப்பு எவ்வாறு உண்டாகின்றது? ஆயிரம் நுளம்பில் இரண்டொன்றுக்குப் பிறவியிலேயே நஞ்சைச் செரிக்கும் ஆற்றல் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, தப்பியவை இனம் பெருக்கும். விதைநெல்லை நீங்கள் தெரிந்தெடுப்பது போல, நஞ்சு தன்னை வெல்லும் நுளம்பைத் தானே தெரிந்தெடுத்து வளர்க்கின்றது.

இதில் நம் பங்கும் உண்டு. நுளம்பொழிப்பில் மலத்தியோன் நெடுங்காலம் பயன்பட வேண்டுமென்று அதனைப் பயிருக்கு விசிறாது ஒதுக்கி வைத்திருந்தனர். ஆனால் 1980களில் ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டனர். ஆற்றுக்குட்டத்திற் பிறக்கும் கியூலிசிபேசிசு டி.டி.ரி.யையும் மலத்தியோனையும் எதிர்க்கப் பழகியிருந்தது. வயல்நீரிற் பிறக்கும் அனோபிலிசு நைகிரிமசு என்னும் இனமோ, சுகாதாரப் பகுதியார் கையாளாத வேறு பல மருந்துகளையும் எதிர்த்தது. அம்மருந்துகளை அதற்குப் பழக்கியவர்கள் யாரெனில், நெல்லுக்கு விசிறிய நாமே. கபிலத்தத்திக்கும் மடிச்சுக்கட்டிப் புழுவுக்கும் தேவையின்றி அடிக்கும் ஒவ்வொரு விசிறலும், நாளைக்கு வைத்தியர் கையிலிருக்க வேண்டிய ஓர் ஆயுதத்தை மழுங்கச் செய்கின்றது.

அப்படியாயின் நஞ்சு மருந்துக்கு இன்று இடமில்லையா? உண்டு. ஓர் ஊரில் டெங்கு பரவும்போது புகை விசிறுதல், கிருமியுடன் பறந்து திரியும் நுளம்பை உடனே குறைக்கும். ஆனால் புகை குடம்பியைத் தொடாது. ஒரு வாரத்துள் புதியவை எழும். புகை பூச்சியில் நல்லது தீயது பாராது. பீர்க்கு, பாகல், பூசணி ஆகியவற்றின் காய்ப்பு தேனீயை நம்பியது. ஆதலால் தோட்டத்தருகே புகை விசிறுவோர் வந்தால், மலரில் தேனீ மொய்க்கும் வேளையைத் தவிர்க்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்பதில் தவறில்லை. கவிழ்த்து ஊற்றவும் மூடவும் முடியாத தொட்டிகளுக்கு ரெமிபோஸ் மணலை இடுவதுண்டு. நூற்றுக்கு ஒரு பங்கு மருந்துள்ள மணல், பத்து லீற்றர் நீருக்கு ஒரு கிராம் போதும். இதனைச் சுகாதார ஊழியர் அளந்து இடுவதே முறை. பயிருக்கான மருந்தை இதற்கு மாற்றாக எண்ணுவது பேரபாயம்.

இனி உயிர்முறைக்கு வருவோம். கப்பி மீனை அறியாதார் இல்லை. குஞ்சு ஈன்று விரைவிற் பெருகும். அழுக்கு நீரையும் தாங்கும். கொட்டுக் கிணற்றுக்குப் பத்துப் பதினைந்து மீன்களை விட்டால் நுளம்பைப் பற்றிக் கவலையில்லை. கிணற்றுக்கு வெளிற்றுந்தூள் இட்டால் மீன் இறக்கும். அதன் மணம் முற்றாக அகன்ற பின்னரே மீண்டும் விடுதல் வேண்டும். நீர்ப்பாசி அடர்ந்த இடத்தில் மீன் புக முடியாது. ஆதலால் கரைப்பாசியை அரித்துவிடுக. ஆனால் கப்பியையும் கம்பூசியாவையும் குளத்திலோ வாய்க்காலிலோ வாவியிலோ விடலாகாது. இவை பிறநாட்டு மீன்கள். கம்பூசியா வாற்பேத்தைகளையும் நம் சிறு மீன்களின் குஞ்சுகளையும் தின்னும். தவளை குறைந்தால் வயலில் யாருக்கு நட்டம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வயல்நீருக்கும் வாவி ஓரத்துக்கும், தலையுச்சியில் வெள்ளிப்பொட்டுடன் நீர்மட்டத்தில் மிதந்து திரியும் நம் சிறு மீனே போதும். நுளம்புக் குடம்பி மூச்சுவிட வருவதும் அதே நீர்மட்டத்துக்குத்தான். அம்மீனை நாம் வாங்க வேண்டியதில்லை, கொல்லாதிருந்தாற் போதும்.

மற்றொன்று, பி.ரி.ஐ. என்று சுருக்கி வழங்கும் பற்றீரியா. 1976ஆம் ஆண்டில் இசுரேலின் நெகெவ் பாலைநிலத்தில் ஒரு நீர்க்குட்டையிற் கண்டெடுக்கப்பட்டது. இதன் உடலிலுள்ள பளிங்குப் பொருளைக் குடம்பி உண்டால் அதன் குடல் சிதையும். மீனுக்கும் தும்பிக்கும் மனிதருக்கும் தீங்கில்லை. குறைகளும் உள. உண்ணாத பருவமாகிய கூட்டுப்புழுவை இது கொல்லாது. வெயிலிலும் சேற்றிலும் வலிமை விரைவிற் குன்றுவதால் அடிக்கடி இடவேண்டும். வட்டை முழுவதற்கும் இதனை இடுதல் செலவுக்குக் கட்டாது.

வட்டைக்கு ஏற்ற மருந்து நீர்க்கட்டே. குடம்பி நுளம்பாக ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றேன். ஆகவே பயிர் வேரூன்றிய பின், வாரத்துக்கு ஒருமுறை வக்கடையைத் திறந்து, இரண்டு மூன்று நாள் வயலைச் சேறு காயும் அளவுக்கு விட்டு மீண்டும் நீர் பாய்ச்சினால், குடம்பிகள் இடையிலேயே மடியும். நீரும் மிஞ்சும். ஒருவர் மாத்திரம் செய்து பயனில்லை. ஒரு வாய்க்காலில் உள்ளோர் அனைவரும் கூடி முறை வைக்கவேண்டும். குடலைப் பருவத்திலும் கதிர் வெளிவரும் காலத்திலும் வயலைக் காயவிடலாகாது. மாரியில் மழை இதற்கு இடந்தராது என்பதையும் அறிவேன். சிறுபோகத்திலேயே இது நன்கு கைகூடும். வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு சிறு குழியை ஆழமாக விட்டால், நீர் வடியும்போது மீன் அதிற் போய்ச் சேர்ந்து, நீர் வந்ததும் மீளும்.

யூரியாவைப் பற்றியும் ஒரு சொல். மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார், நெல்வயலில் தழைச்சத்துப் பசளை இட்டபின் கியூலெக்சுக் குடம்பிகள் பெருகுவதைக் கண்டனர். யூரியாவை வேப்பம் பிண்ணாக்குடன் கலந்து இட்டபோது அவை குறைந்தன. வேம்பு நம் முற்றத்திலேயே நிற்கின்றது. பசளையை ஒரே முறையிற் கொட்டாது, பிரித்து இடுக.

இலங்கையில் 2002ஆம் ஆண்டு தொடங்கி நடத்தப்பட்ட கமக்காரர் வயற்பள்ளிகளில், பயிர்ப்பூச்சியையும் நுளம்பையும் ஒன்றாகவே கவனிக்கப் பயிற்றினர். வாரந்தோறும் வயலில் இறங்கி, நல்ல பூச்சி எத்தனை, தீய பூச்சி எத்தனை என்று எண்ணுவதோடு, ஓர் அகப்பையால் நீரை மொண்டு குடம்பியையும் எண்ணினர். எண்ணிப் பார்த்தவர் மருந்தை வீணாக விசிறுவதில்லை. வெள்ளைக் கோப்பை ஒன்றிருந்தால் நீங்களும் இதனைச் செய்யலாம்.

எழுவான்கரையார்க்குத் தனியே ஓர் எச்சரிக்கை. உவர்நீரில் டெங்கு நுளம்பு வாழாது என்று நெடுங்காலம் நம்பினோம். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரங்களிற் செய்த ஆய்வு ஒன்று 2011ஆம் ஆண்டில் அதனைப் பொய்யாக்கியது. கைவிட்ட தோணிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் எறிந்த போத்தல்களிலும் தேங்கிய உவர்நீரில் ஏடிசுக் குடம்பிகள் வளர்வது அதிற் காணப்பட்டது. ஆகவே வாவிக்கரையில் தோணியைக் கவிழ்த்து வையுங்கள். அலையும் மீனும் உள்ள வாவியின் திறந்த நீரை நஞ்சாக்க எவ்விதத் தேவையுமில்லை. வாய்க்காலில் ஊற்றிய மருந்து ஈற்றில் இறாலிடமும் வலை வீசுவோரிடமுமே சென்று சேரும்.

2012ஆம் ஆண்டின் பின் இந்நாட்டில் உள்ளூர் மலேரியாத் தொற்று தோன்றவில்லை என்று கண்டு, உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சான்று வழங்கியது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், நகரக் கிணறுகளிற் பெருகவல்ல அனோபிலிசு தீபென்சி என்னும் புதிய மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே டெங்கு 1,86,000 பேருக்கு மேற் பீடித்தது. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் இரத்தம் சோதிப்பித்துக்கொள்க. வெளிநாடு சென்று திரும்பியவராயின் அதனையும் வைத்தியரிடம் கூறுக. டெங்குக் காய்ச்சலில் அஸ்பிரின் முதலிய நோவு மாத்திரைகளை உண்ணலாகாது.

முதல் மழைக்கு முன், அதாவது புரட்டாதி முடிவதற்குள், தோட்டத்துப் பரல்களுக்கு வலையோ மூடியோ அமைத்து, பயன்படாத பூவலைத் தூர்த்து, பயன்படும் கிணற்றுக்கு மீன் விடுங்கள். மீன் இல்லாதவர் அயலவர் கிணற்றில் ஒரு துணியால் அள்ளிக்கொள்ளலாம். வெற்று மருந்துப் போத்தல்களை மூன்று முறை கழுவி, கழுவிய நீரை விசிறியிலேயே ஊற்றிப் பயிருக்கு விசிறியபின், அவற்றைத் துளையிட்டு வையுங்கள். துளையுள்ள போத்தலில் நீரும் நில்லாது, எவரும் அதில் எண்ணெய் வாங்கவும் மாட்டார்.