பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே

"எங்கள் தரவுத்தளத்துக்கு வலுவான பாஸ்வேர்டு வைத்திருக்கிறோம், யாரும் உள்ளே நுழைய முடியாது." பல அலுவலகங்களில் இதை முழு நம்பிக்கையோடு சொல்வார்கள். 2003 ஜனவரி 25 அன்று அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது.

அன்று சனிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 11 மணி வாக்கில், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்.க்யூ.எல். சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த கணினிகளை, தானே நகலெடுத்துப் பரவும் ஒரு கணினிப் புழு தாக்கத் தொடங்கியது. ஸ்லாமர் என்று பெயர் பெற்ற அந்தப் புழுவின் அளவு வெறும் 376 பைட். பத்தே நிமிடங்களில், அது புகுந்த ஓட்டை அடைபடாமல் இணையத்தில் இருந்த கணினிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அதன் பிடிக்குள் வந்துவிட்டன. குறைந்தது 75,000 கணினிகள். அவற்றில் எதிலுமே அது பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகவில்லை.

நடந்தது இதுதான். ஒரே கணினியில் எஸ்.க்யூ.எல். சர்வரைப் பல தனித்தனி நிறுவல்களாக வைத்துக்கொள்ளலாம். எந்த நிறுவல் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்ல, யுடிபி 1434 என்ற போர்ட்டில் ஒரு சிறு சேவை காத்திருக்கும். விசாரிக்கும் கட்டத்தில் பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை. வரும் செய்தியின் முதல் பைட் 4 என்று இருந்தால், அதன் பின்னால் உள்ள பெயரை எடுத்து நினைவகத்தில் ஒதுக்கிவைத்த இடத்தில் அந்தச் சேவை எழுதிக்கொள்ளும். பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்காமலே எழுதும். பிழை அவ்வளவுதான். ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டினால் மிச்சம் வெளியே சிதறுவதுபோல, மிஞ்சிய எழுத்துகள் அடுத்த இடத்தில் போய் விழுந்தன. அந்த அடுத்த இடத்தில்தான், இந்த வேலை முடிந்ததும் சர்வர் எங்கே திரும்பிப்போக வேண்டும் என்ற முகவரி இருந்தது. அதன்மேல் வேறொரு முகவரியை எழுதிவிட்டால் போதும், சர்வர் தாக்குபவர் அனுப்பிய கட்டளைகளைத் தன்னுடையவையாக நினைத்து நிறைவேற்றத் தொடங்கிவிடும்.

பலர் இதை, இணையதளத்தின் வழியே தரவுத்தளத்துக்குள் கட்டளையைச் செருகும் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது இணையதளத்தை எழுதியவர் விட்ட பிழை; இது சர்வரையே எழுதியவர்கள் விட்ட பிழை. உங்கள் மென்பொருளில் ஒரு குறைகூட இல்லாவிட்டாலும் இது உங்களைத் தாக்கும்.

"தரவு எதுவும் திருடு போகவில்லையே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்லாமர் ஒரு அட்டவணையைக்கூடத் திறக்கவில்லை, ஒரு கோப்பையும் அழிக்கவில்லை. தன் நகல்களைக் கண்ட முகவரிகளுக்கெல்லாம் இடைவிடாமல் அனுப்பியது, அவ்வளவே. அந்த நெரிசலிலேயே பேங்க் ஆஃப் அமெரிக்காவின் சுமார் 13,000 ஏ.டி.எம்.கள் பணம் தர முடியாமல் நின்றன. தென்கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெல்வியூவில், 911 அவசர அழைப்புகளைக் கையாளும் கணினிகள் செயலிழந்து, ஊழியர்கள் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள். உயிருக்குப் போராடும் ஒருவருடைய அழைப்பு, எங்கோ யாரோ நீளம் பார்க்காமல் எழுதிய நிரலால் தாமதப்படலாம் என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"நாங்கள் எஸ்.க்யூ.எல். சர்வரே வைத்துக்கொள்வதில்லை" என்று சொன்ன பலரும் அன்று மாட்டிக்கொண்டார்கள். அதன் சிறு வடிவமான எம்.எஸ்.டி.இ. வேறு பல மென்பொருள்களோடு சேர்ந்து சத்தமில்லாமல் கணினிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அதிலும் அதே ஓட்டை.

ஃபயர்வாலை நம்பியவர்களுக்கு ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம் ஒரு பாடம். அதன் ஃபயர்வால் இந்தப் புழுவைத் தடுக்கும்படிதான் அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒப்பந்ததாரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும் தனி இணைப்பு ஒன்று இருந்தது. புழு அந்த வழியாக நுழைந்தது. உலையின் பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் கணினித் திரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேலை செய்யவில்லை. உலை ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்த காலம் அது. பழைய அனலாக் கருவிகளும் இருந்தன. அதனால் ஆபத்து நேரவில்லை. அப்படி ஒரு தனி இணைப்பு தங்கள் அலுவலகத்துக்குள் எங்கே வருகிறது என்று எத்தனை நிர்வாகிகளால் உடனே சொல்ல முடியும்?

"பேட்ச் வெளியானதும் ஆபத்து நீங்கிவிட்டது" என்பதும் தவறு. டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்ன இந்த ஓட்டைக்கு, 2002 ஜூலை 24 அன்றே மைக்ரோசாஃப்ட் திருத்தம் கொடுத்துவிட்டது. புழு வந்தது ஆறு மாதம் கழித்து. கோப்புகளைக் கையால் மாற்ற வேண்டிய சிரமமான பேட்ச் அது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தவும் யாருக்கும் மனம் வராது. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணினிகளிலும் சில தப்பவில்லை. கணினியை அணைத்துப் போட்டால் புழு போய்விடும் என்றார்கள்; நினைவகத்தில் மட்டுமே இருந்ததால் போகவும் செய்தது. பேட்ச் போடாமல் மறுபடி இணைத்ததும் திரும்பவும் தொற்றியது.

எல்லாம் அந்தக் காலத்துக் கதை, நெடுநாள் புழக்கத்தில் தேறிய மென்பொருளில் இனி இப்படி நடக்காது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். ரெடிஸ், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று நாம் அன்றாடம் நம்பியிருக்கும் சர்வர்கள் பெரும்பாலும் சி, சி++ மொழிகளில் எழுதப்பட்டவை. நினைவகத்தின் எல்லையைக் கவனிக்கும் பொறுப்பை அந்த மொழிகள் எழுதுபவரிடமே விட்டுவிடுகின்றன. 2025 அக்டோபரில் ரெடிஸில் வெளிப்பட்ட ஓட்டை, சுமார் 13 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் அதன் நிரலுக்குள் இருந்தது. விடுவித்துவிட்ட நினைவகப் பகுதியை மறுபடி எடுத்துப் பயன்படுத்தும் பிழை அது. தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். இதைப் பயன்படுத்த முதலில் உள்நுழைய வேண்டும் என்பது உண்மை. ஆனால் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ரெடிஸ் சர்வர்கள் சுமார் 60,000 என்று, அதைக் கண்டுபிடித்த விஸ் நிறுவனம் சொன்னது. திருத்தமும் அதே மாதம் வந்துவிட்டது. உங்களிடம் ஓடுவது அதற்கு முந்தைய பதிப்பா என்று பார்க்க ஒரே ஒரு கட்டளை போதும், இன்றே பார்த்துவிடுங்கள்.