வளையும் ஊசிக்கு வழி சொல்லும் கணினி

கேள்வி: வளைந்து போகும் ஊசி வந்திருக்கிறதாமே? அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எதற்கு?
– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: பயாப்ஸிக்குப் போடும் சாதாரண ஊசி நேராகத்தான் போகும். குறுக்கே ரத்தக்குழாயோ எலும்போ இருந்தால் வேறு இடத்தில் குத்த வேண்டியதுதான். நிக்கல்-டைட்டானியம் கலந்த நிட்டினால் உலோகத்தில் மெல்லிய ஊசி செய்து, நுனியைச் சாய்வாகச் சீவிவிட்டால் கதை மாறுகிறது. தள்ளத் தள்ள, சீவிய நுனியைச் சதை ஒரு பக்கமாக ஒதுக்கும். ஊசி வில்லாக வளையும். வெளியே இருக்கும் அடிப்பகுதியைத் திருகினால் வளைவின் திசை மாறும். ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்பிப் பூட்டிவிட்ட சைக்கிள் மாதிரிதான். 2006இல் வெப்ஸ்டர், ஒகாமுரா முதலிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சைக்கிள் கணக்கையே ஊசிக்குப் போட்டு, ரப்பர் போன்ற செயற்கைத் தசையில் குத்திச் சரிபார்த்தார்கள்.

ஊசியைவிடச் சதைதான் பெரிய தலைவலி. குத்தும்போது அது அமுங்கும். குறிவைத்த கட்டியும் நகர்ந்துவிடும். கல்லீரலோ மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கும். அதனால் திசுவைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகும் என்று கணினி கணக்கிடுகிறது. எங்கே குத்துவது, எப்போது திருகுவது என்பதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கலாம். ஆனால் ஒருவர் சதைபோல் இன்னொருவர் சதை இருப்பதில்லை. ஆகவே குத்தும் நேரத்திலும் ஸ்கேன் படத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டேதான் போக வேண்டும்.