பாதையில் கிடக்கும் கோப்பை

நோன்புக் காலத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தைப் பாருங்கள். கையில் தூக்குவாளியோடு சிறுவர் சிறுமியர் நோன்புக் கஞ்சி வாங்க வரிசையாக நிற்பார்கள். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் நாம் கண்டு வளர்ந்த காட்சி இது. கஞ்சி வீட்டுக்குப் போகும்; தூக்கு கழுவிக் கவிழ்க்கப்படும்; தெருவில் ஒரு துரும்பும் மிஞ்சாது.

அன்றிரவே தராவீஹ் முடிந்து தேநீர் வழங்கினால் நிலைமை வேறு. காகிதக் கப்பில் நான்கு மிடறு குடிக்கிறோம், கசக்கி எறிகிறோம். காலையில் மதிலோரமெல்லாம் கப்புகள். கஞ்சிக்குப் பாத்திரத்தோடு போகத் தெரிந்த நாம், தேநீருக்கு மட்டும் ஏன் வெறுங்கையோடு போகிறோம்?

"இது நகராட்சியின் வேலை, மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

ஈமானின் கிளை

ஈமானுக்குப் பல கிளைகள் உண்டென்றும், அவற்றில் மிக உயர்ந்தது கலிமா என்றும், கடைசிப் படி பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள் (முஸ்லிம்). அகற்றுவது ஈமானின் கிளை என்றால், தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுவது எதில் சேரும்? நாமே சிந்திக்க வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. பள்ளியில் எச்சில் துப்புவது குற்றம். துப்பியவர் அதை மண்ணில் புதைப்பதே பரிகாரம் என்றார்கள் நபிகளார் (புகாரி, முஸ்லிம்). அசுத்தம் செய்தவரே அதை நீக்க வேண்டும் என்பதே இதிலுள்ள படிப்பினை. துப்புரவுத் தொழிலாளி வந்து பொறுக்குவார் என்று விட்டுப்போவது அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்.

காகிதம்தானே?

மக்கிவிடும் என்று எண்ணுகிறோம். கப்பு ஒழுகாதிருப்பதற்குக் காரணம் அதன் உட்புறம் ஒட்டியுள்ள மெல்லிய பாலிதீன் பூச்சு. காகிதம் கரைந்தாலும் அது மக்காது. சூடான நீர் 100 மில்லி அளவு அத்தகைய கப்பில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதாகக் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டறிந்தனர். பிளாஸ்டிக் பூசிய கப்புகளைத் தமிழக அரசு 1.1.2019 முதல் தடை செய்துள்ளது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிசெய்தது.

கடலும் அமானிதமே

இருகடல்களிலிருந்தும் முத்தும் பவளமும் வெளிப்படுவதை அர்ரஹ்மான் சூரா (55:22) இறைவனின் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அந்த இரண்டையும் கண்ணால் கண்ட கரை நம்முடையது. 1961க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் வான் தீவு முதல் காரியசல்லி வரை பவளப்பாறைகள் இன்றும் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தெருவில் எறிந்த கப்பு வடிகாலை அடைக்கும். பெருமழையில் கடலுக்குப் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, மறக்க முடியுமா? தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதர்களின் கைகள் செய்தவற்றால்தான் என்று ரூம் சூரா (30:41) எச்சரிக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. பெற்றோரின் பெயரால் தர்மம் செய்ய விரும்புவோர் 100 எவர்சில்வர் டம்ளர்களைப் பள்ளிக்கு வக்ஃபாகக் கொடுக்கலாம். அதில் மக்கள் குடிக்கும் காலமெல்லாம் நன்மை சேரும் ஸதகத்துல் ஜாரியா அது.

2. "கழுவத் தண்ணீர் ஏது?" என்பார்கள். ஒரு வாளியில் சோப்பு நீர், ஒரு வாளியில் நல்ல நீர், ஒரு சட்டியில் வெந்நீர் போதும். ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்த நபியின் உம்மத் நாம். குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை.

3. கடையில் பார்சல் வாங்கும்போது பிளாஸ்க்கோ தூக்கோ கொண்டு செல்லுங்கள்.

4. களறி விருந்தில் ஒரே ஸஹனில் கூடி உண்கிறோம். எச்சில் இலை குவிவதில்லை. விருந்துக்குப் பின் தரும் தேநீரிலும் அந்த ஒழுங்கைக் காப்போம்.

5. தவிர்க்க முடியாமல் கப்பு வைத்தால், கடைசிக் கப்பைப் பொறுக்கும் வரை விருந்து கொடுத்தவரின் பொறுப்பு முடியவில்லை என்று கருதுவோம்.

தேநீர் கொடுப்பது நன்மை. அந்த நன்மையின் பின்னே பிறருக்குத் தொல்லையை விட்டுச் செல்லாதிருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.