காப்பும் காசும்: மாறிவந்த சின்னங்கள்

முன்னுரை

தீமை அணுகாதிருக்கவும் நன்மை பெருகவும் வேண்டி, மக்கள் உடலில் அணிந்தும் பேழையில் வைத்தும் போற்றிய சிறுபொருள்கள் பல. புலிப்பல், ஐம்படை, தாயத்து, பழங்காசு என அவை காலந்தோறும் வேறுபட்டன. அவற்றில் பொறித்த சின்னங்களும் மாறின. சின்னம் மாறாதவிடத்தும் அதற்கு மக்கள் கண்ட பொருள் மாறியது. ஆகவே, இத்தகைய பொருள்களைத் திரட்டுவோர் அவற்றின் பெயரையும் வழக்கையும் உடன் திரட்டல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் காட்டும் காப்பணி

நக்கீரர் பாடிய குறுந்தொகை 161ஆம் பாடலில் புலிப்பல் தாலி அணிந்த புதல்வனைத் தாய் தழுவிக்கொள்கிறாள். புறநானூறு 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், சிறுபருவத் தாலியை இன்னும் களையாத இளைஞனாகவே நெடுஞ்செழியன் போர்க்களம் புகுந்தான் என வியக்கிறார். இவ்விடங்களில் தாலி என்பது மணவணி அன்று, சிறுவர்க்குரிய காப்பணியே. சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய ஐந்தும் பொறித்த ஐம்படையைப் புகார் நகரத்துக் குழந்தைகள் அணிந்ததை மணிமேகலை காட்டுகிறது. காட்டு விலங்கின் பல் இருந்த இடத்தில் திருமாலின் படைக்கலங்கள் அமர்ந்தன. ‘தாலி’ என்னும் சொல்லோ பின்னர் மணமகளின் கழுத்துக்கு உரியதாயிற்று. அணியும் நோக்கமும் அணிவோரும் மாறியும் சொல் நிலைத்தது.

தாயத்து

‘தஃவீத்’ என்னும் அரபுச் சொல் காவல் தேடுதல் என்னும் கருத்தடியாகப் பிறந்தது. அதுவே உருது முதலிய மொழிகளின் வழியாகத் தமிழில் ‘தாயத்து’ ஆயிற்று என்பர். வெள்ளியாலோ செம்பாலோ ஆன சிறு குழல் ஒன்றே. உள்ளிருப்பது வீட்டுக்கு வீடு வேறு. ஓரிடத்தில் திருமறை வசனம் எழுதிய தாள். ஓரிடத்தில் மந்திரத் தகடு. இன்னோரிடத்தில் குழந்தையின் கொப்பூழ்க்கொடி. இதனை அணிவது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் ஒரே கூட்டினுள் பல சமயத்தார் தத்தம் நம்பிக்கையை வைத்துக் காத்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ‘பிஸ்மில்லாஹ்’ எனத் தொடங்கும் தொடரின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறையில் எண் மதிப்பிட்டால் 786 வரும். அவ்வெண்ணில் முடியும் ரூபாய்த் தாள்களைத் தேடிச் சேர்ப்போர் பல சமயத்தவராகவும் இருப்பது இதன் தொடர்ச்சியே.

வெனிசு நகரத்துப் பொற்காசு

சின்னம் மாறாமல் பொருள் மட்டும் மாறியதற்குச் சிறந்த சான்று வெனிசு நகரத்து ‘டுக்காட்’ என்னும் பொற்காசாகும். 1284இல் முதன்முதல் அச்சிடப்பெற்ற இக்காசு, 1797இல் அக்குடியரசு வீழும்வரை ஏறத்தாழ ஒரே வடிவில் வெளிவந்தது. எடை சுமார் மூன்றரை கிராம். ஒருபுறம் புனித மாற்கு, முழந்தாளிட்ட ஆட்சித்தலைவருக்குக் கொடி வழங்குகிறார். மறுபுறம் விண்மீன்களிடையே இயேசுநாதர் நிற்கிறார். மிளகுக்கும் துணிக்கும் விலையாகச் செங்கடல் வழியே இது தென்னாட்டுக்கு வந்தது.

இங்கே அதனைக் கண்டவர்கள் வெனிசு நகரை அறியார். நடுவில் நிற்கும் கொடிக்கம்பத்தைப் பனைமரமாகவும், இருபுறத்து உருவங்களைப் பனையேறுவோராகவும் கண்டனர். பழைய நூல்களில் அக்காசு ‘சாணார் காசு’ என வழங்குவதற்கு இதுவே காரணம் எனக் கூறுவர். மலையாள நாட்டில் அது ‘ஆமாட’ எனப்பட்டது. மங்கலப் பொருளாகக் கருதிக் கழுத்தணியிற் கோத்தனர். தேவை மிகுந்தபோது உள்ளூர்க் கம்மியரும் அதைப்போல் அச்சிட்டனர். இலத்தீன் எழுத்தறியாமையால் அப்போலிகளில் எழுத்துகள் வெறுங்கோடுகளாயின. அணிந்தவர்க்கு அது குறையாகத் தோன்றவில்லை.

பின்னர் ஆங்கிலேயரின் ‘சாவரின்’ வந்தது. முடிமன்னர் தலையும், பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜும் காசுமாலையில் இடம்பெற்றனர். அக்காசு வழக்கொழிந்தும் ‘சவரன்’ என்பது எட்டுக் கிராம் எடையின் பெயராய் நிலைத்துவிட்டது. இன்றைய காசுமாலையில் இலக்குமி உருவே பெரும்பாலும் காணப்படுகிறது.

ஓட்டப்பிடாரமும் மூன்றெழுத்தும்

1658 முதல் தூத்துக்குடியில் ஆதிக்கம் பெற்ற டச்சுக்காரரின் கம்பெனி, தன் செப்புக்காசுகளில் ‘வி.ஓ.சி.’ என்னும் மூன்றெழுத்தைப் பின்னிப் பொறித்தது. 1602இல் தோன்றிய அக்கம்பெனியின் பெயர்ச்சுருக்கம் அது. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்து, 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ. சிதம்பரனாரின் ஆங்கில முதலெழுத்துகளும் அவையே. இது தற்செயலான ஒற்றுமை. எனினும் நாளை ஒருவர் அச்செப்புக்காசைச் ‘சிதம்பரனார் காசு’ என்று போற்றினால், கொடிக்கம்பம் பனைமரமான கதை மீண்டும் நிகழ்ந்ததாகும். அதனைப் பிழையென்று தள்ளாமல், சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றுடன் குறித்துவைப்பதே ஆய்வாளர் கடமை.

போலியும் சட்டமும்

இராமர், அனுமன் உருவங்களுடன் 1818 முதலிய ஆண்டுகள் பொறித்த ‘அணா’க்காசுகள் சந்தைகளில் விற்கப்படுகின்றன. கம்பெனி அவற்றை நாணயமாக வெளியிடவில்லை. அவை அரிசியை ஈர்க்கும், செல்வம் தரும் எனச் சொல்லிப் பெருந்தொகை பறிப்போரிடம் பொருளிழந்தோர் பலர். புலிப்பல், புலிநகம் ஆகியவற்றின் வாணிகத்தை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கரிசல் உழவில் புதையல் கிடைப்பின், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி.

முடிவுரை

பழைய அணியைக் கொடுத்துப் புதியது வாங்கும்போது, பழையது உருக்கு மூசைக்குச் செல்கிறது. பொன்னின் எடைக்கு விலை கிடைக்கிறது; சின்னமும் அதன் பெயரும் விலையின்றி மறைகின்றன. எனவே, விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்களிடம் நாம் வேண்டுவது இது: வீட்டிலுள்ள பழங்காசையும் காப்பையும் புளியிட்டுத் துலக்காதீர்கள், எழுத்துத் தேயும். இருபுறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியார் அதனை எச்சொல்லால் அழைக்கிறார், யார் அணிந்தனர், எப்போது கழற்றினர், அதிலுள்ள உருவம் யாருடையது என்கிறார் என்னும் நான்கையும் அவர் சொன்னவாறே எழுதுங்கள். சமுதாயப் பெரியோர்களும் தம் நினைவிலுள்ளவற்றைச் சொல்லி உதவுவார்களாக. அகராதியில் ஏறாத பல சொற்கள் அவ்வழியே தமிழுக்குக் கிட்டும்.